'பர்ஸ்ட்' (burst) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பொருளா? பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

மாலைவகுப்பு (பாலக்கோடு)

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள். வீட்டில் தக்காளித் தோட்டம், பூந்தோட்டம், கறவை மாடு என்று வேலை இருக்கும். அதையும் முடித்துவிட்டுத்தான் படிக்க வருகிறார்கள்.

பர்ஸ்ட் என்ற சொல்லில் எல்லோரும் தடுக்குகிறார்கள். அகராதியில் முதல் பொருளாக 'வெடி' என்று போட்டிருக்கிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, 'ஷி பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' என்று கொடுத்தால் 'அவள் கண்ணீருக்குள் வெடித்தாள்' என்று எழுதுகிறார்கள். 'த ரிவர் பர்ஸ்ட் இட்ஸ் பேங்க்ஸ்' என்பதற்கு ஒரு பிள்ளை 'ஆறு தன் வங்கிகளை வெடித்தது' என்று எழுதியது. பிள்ளை மேல் தப்பில்லை. நாம் சொல்லிக்கொடுத்த பொருளைத்தான் எழுதுகிறது.

ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு வாரம் நினைவிருக்கும், அப்புறம் போய்விடும். உங்கள் வேலையில், உங்கள் ஊரில் இந்தச் சொல் எங்கே வருகிறது, வரும்போல இருந்தும் எங்கே வராது என்று சொல்லுங்கள். நம் பக்கத்துப் பொருளை வைத்தே பாடம் நடத்துகிறேன்.

தொப்பூர்_டயர் (தருமபுரி)

வணக்கம் டீச்சர். தொப்பூர் கணவாய்க்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக டயர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் நாளெல்லாம் புழங்குகிற சொல் இது. 'அண்ணே, பின் டயர் பர்ஸ்ட்' என்று டிரைவர் போன் போட்டால் ஒரு வேலை, 'பஞ்சர்' என்றால் வேறு வேலை. பஞ்சர் என்றால் ஆணியோ கம்பியோ குத்தி, காற்று மெல்ல இறங்கியிருக்கும். ஒட்டுப் போட்டால் வண்டி கிளம்பிவிடும். பர்ஸ்ட் என்றால் ஒட்டுக்கே வழியில்லை, டயரை மாற்றத்தான் வேண்டும்.

வெடித்த டயரைக் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். லாரி டயரில் 110, 120 பவுண்டு காற்று இருக்க வேண்டும். அது குறைந்த நிலையில் பாரம் ஏற்றி ஓட்டினால், சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் பக்கச் சுவர் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு ஏறும். டயரின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள், சுற்றிலும் வளையமாக ஒரு தேய்மானம் தட்டுப்படும், கறுப்புத் தூள் விரலில் ஒட்டும். உள்ளே இருக்கும் நூல் அந்தச் சூட்டில் இளகி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். இதெல்லாம் மெல்ல நடப்பது. வெளியில் ஒன்றும் தெரியாது. கடைசியில் மிச்சமிருக்கிற நூல் தாங்காதபோது ஒரே நொடியில் சுவர் சுற்றிலும் கிழிந்து, கயிறு கயிறாகத் தொங்கும்.

'வெயிலுக்குக் காற்று விரிந்து வெடித்துவிட்டது' என்று பலர் சொல்கிறார்கள். என் கடைக்கு வருகிறதில் பெரும்பாலானவை காற்றுக் குறைவால் வெடித்தவைதான். பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தோடு இதையும் சொல்லிவிடுங்கள், நாளைக்கு வண்டி ஓட்டப்போகிறவர்கள்.

எனக்குத் தெரிந்த பொருள் இதுதான்: உள்ளே அடைபட்டுக் கிடந்தது, சுவர் தாங்காமல், ஒரே மூச்சில் வெளியே பாய்வது.

அரூர்_இலக்கணம்

டயர் கடைத் தம்பி சொன்ன கடைசி வரியை டீச்சர் அப்படியே கரும்பலகையில் எழுதிப் போடலாம். நான் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய அகராதிகள் சுற்றி வளைத்துச் சொல்வதும் இதையேதான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'பெர்ஸ்டன்'. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'பெர்ஸ்டன்' என்று இதன் உறவுச் சொல் இருக்கிறது. சட்டென்று உடைவது என்பதுதான் வேர்ப்பொருள். நெருப்பு, புகை, மருந்து எதுவும் அந்தப் பொருளில் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு 'வெடி' என்றதும் தீபாவளி கண்ணுக்கு வந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கலே தொடங்குகிறது. பட்டாசுக்கும் குண்டுக்கும் ஆங்கிலத்தில் 'எக்ஸ்ப்ளோட்' இருக்கிறது. பாறைக்கு வெடி வைப்பதற்கு 'பிளாஸ்ட்' இருக்கிறது. பலூனுக்கும் குழாய்க்கும் பைக்கும் பர்ஸ்ட்.

இலக்கணத்தில் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிகழ்காலம், இறந்தகாலம், மூன்றாம் வடிவம் மூன்றுமே பர்ஸ்ட்தான். 'பர்ஸ்டட்' என்று பிள்ளைகள் எழுதுவார்கள், நல்ல ஆங்கிலத்தில் அது செல்லாது. கட், புட், ஹர்ட் வரிசையில் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

ராயக்கோட்டை_தோட்டம்

டீச்சர், உங்கள் பிள்ளைகள் வீட்டில் தக்காளி என்றால் இதைக் கேளுங்கள். நாம் எல்லோருமே 'தக்காளி வெடிச்சுப்போச்சு' என்றுதான் சொல்கிறோம். பத்து நாள் தண்ணீர் விடாமல் காயப்போட்டுவிட்டு ஒரு ராத்திரி நல்ல மழை பெய்தால், காலையில் பழமெல்லாம் வெடித்துக் கிடக்கும். வேர் தண்ணீரை இழுத்துப் பழத்துக்கு அனுப்புகிறது. சதை ஊதுகிறது, தோல் அந்த வேகத்துக்கு வளராது. டயர்காரர் சொன்ன கணக்கேதான். அப்படியென்றால் இதுவும் பர்ஸ்ட் ஆகத்தானே வேண்டும்?

வெடிப்பிலும் இரண்டு வகை உண்டு. காம்படியிலிருந்து கீழ்நோக்கிக் கோடாகப் பிளப்பது ஒன்று. காம்பைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறுவது இன்னொன்று. கோடாகப் பிளந்ததில் ஈ மொய்த்து, பூஞ்சணம் புகுந்து, மறுநாளே பழம் அழுகும். மண்டியில் அதை யாரும் தொடமாட்டார்கள். வளையக் கீறல் ஆழமில்லாமல் காய்ந்திருந்தால் உள்ளூர்க் கடைக்குப் போகும்.

சொட்டுநீரை விட்டுவிட்டு விடாமல் ஒரே சீராகக் கொடுத்தால் பாதி வெடிப்பு குறையும். மழை வரும்போல இருந்தால், பாதி நிறம் திரும்பிய பழத்தையே பறித்துவிடுவது நல்லது.

அரூர்_இலக்கணம்

தோட்டக்காரரே, உங்கள் காரணம் சரி, ஆனால் சொல் வேறு. ஆங்கிலத்தில் வேளாண்மை எழுதுகிறவர்கள் தக்காளிக்கு 'கிராக்கிங்', 'ஸ்ப்ளிட்டிங்' என்றுதான் எழுதுவார்கள். தோல் கீறுகிறது, ஆனால் உள்ளே இருப்பது வெளியே பாயவில்லை, பழம் செடியிலேயே நிற்கிறது. அதே தக்காளியை எண்ணெயில் போட்டு வதக்கும்போது தோல் பட்டென்று விட்டு, சாறு தெறிக்கும். சமையல் குறிப்பில் அதற்கு பர்ஸ்ட் வரும்.

பருத்திக்கு மட்டும் விலக்கு. ஊத்தங்கரை, அரூர் பக்கம் 'பருத்தி வெடிச்சிருக்கு' என்கிறோமே, ஆங்கிலத்திலும் 'த போல்ஸ் பர்ஸ்ட் ஓபன்' என்று எழுதுவது உண்டு. காய்க்குள் அடைந்து கிடந்த பஞ்சு வெளியே பிதுங்கி நிற்கிறது அல்லவா.

ராயக்கோட்டை_தோட்டம்

சரிங்க சார், ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் பிவிசி குழாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் சந்தேகமே இல்லை. கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மேலே போன தண்ணீர் திரும்பி வந்து அடிக்கும். 4 கிலோ பைப் போட்டிருந்தால் அந்த ஒரு அடியில் நீளவாட்டில் பிளந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சும். அதனால்தான் மேட்டுக்கு ஏற்றுகிற லைனுக்கு 6 கிலோ, 10 கிலோ பைப், ஏர் வால்வு, தண்ணீர் திரும்பாமல் இருக்க ஒரு வால்வு என்று போடச் சொல்கிறார்கள். பைப் மேல் அச்சடித்திருக்கும் கிலோ கணக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பதுதான்.

மாலைவகுப்பு (பாலக்கோடு)

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது. இரண்டு பேருக்கும் நன்றி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றியும் எங்கள் வகுப்பில் பேசுவோம். 2013-ல் தொடங்கி வைத்தது, நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் தருவதற்காகவே வந்தது. செய்தித்தாளில் 'பைப்லைன் பர்ஸ்ட்' என்று வந்தால் பிள்ளைகளுக்கு இனிமேல் தானே புரியும்.

ஏரி, ஆறு விஷயம்தான் இன்னும் குழப்பம். கரை உடைந்தால் என்ன சொல்வது?

ஊத்தங்கரை_மழை

நான் சொல்கிறேன் அக்கா. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, டிசம்பர் தொடக்கத்தில் வலுவிழந்து நம் மேல் வந்து நின்றது நினைவிருக்கும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி வழிந்து, சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. கார், வேன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள்.

அப்போது ஆளாளுக்கு ஒரு சொல். 'ஏரி உடைந்தது' என்றார்கள், 'மேக வெடிப்பு' என்றார்கள். பிள்ளைகளுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஏரி நிரம்பி, கட்டிவைத்த வழியாகத் தண்ணீர் போனால் நம் ஊரில் 'கோடி போகிறது' என்போம். அது நல்ல செய்தி. ஊரே போய்ப் பார்க்கும், தண்ணீருக்குப் பூ போடுவார்கள். ஆங்கிலத்தில் அது 'ஓவர்ஃபுளோ', அல்லது 'சர்ப்ளஸ்'. கரையே அறுத்துக்கொண்டு போனால்தான் உடைப்பு, ஆங்கிலச் செய்தியில் பெரும்பாலும் 'பிரீச்' என்று வரும். ஆற்றுக்கு 'பர்ஸ்ட் இட்ஸ் பேங்க்ஸ்' என்கிறார்களே, அதில் பேங்க் என்றால் கரை. கரை இடியத்தான் வேண்டும் என்றில்லை. கரைக்கு மேலே ஏறி ஊருக்குள் வந்தாலும் அந்தத் தொடரைப் போடுவார்கள்.

கரை உடைவதும் எப்போதும் மேலே வழிந்துதான் என்று நினைக்க வேண்டாம். மண் கரையில் எலி வளை, நண்டு வளை இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது என்று பொருள், உடனே மண் மூட்டை போட்டாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஏரிக் காவலுக்கு லாந்தர் எடுத்துக்கொண்டு போவது இதைப் பார்க்கத்தான்.

மேக வெடிப்பு, அதாவது 'கிளவுட் பர்ஸ்ட்', என்பதற்கு வானிலைத் துறை ஒரு அளவு வைத்திருக்கிறது. ஏறக்குறைய 20, 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டினால்தான் அந்தப் பெயர். நாள் முழுக்கப் பெய்து 50 சென்டிமீட்டர் சேர்ந்தது என்பதை வைத்து மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது. மேகம் எதுவும் வெடிப்பதும் இல்லை. மேகத்தைத் தண்ணீர்ப் பை என்று அந்தக் காலத்தில் நினைத்துக்கொண்டு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

தொப்பூர்_டயர் (தருமபுரி)

அப்போ 2017-ல் கிருஷ்ணகிரி அணையில் ஷட்டர் போனதே, அது?

ஊத்தங்கரை_மழை

அது நவம்பர் மாதம். கதவு உடைந்தது, அணை உடையவில்லை. 'த ஷட்டர் கேவ் வே', அல்லது 'புரோக்'. பர்ஸ்ட் போட்டால் அணையே போய்விட்டது என்று படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். 'டேம் பர்ஸ்ட்' என்றால் அவ்வளவு பெரிய பொருள்.

செவிலியர்_தருமபுரி

ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து நானும் சொல்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் 'குடல்வால் வெடிச்சுடுச்சாம்' என்று சொல்வார்கள். ஆங்கிலத்திலும் பொதுமக்கள் பேச்சில் 'பர்ஸ்ட் அப்பெண்டிக்ஸ்' உண்டு. கேஸ் ஷீட்டில் மட்டும் டாக்டர்கள் 'பெர்ஃபொரேட்டட்', 'ரப்ச்சர்ட்' என்று எழுதுவார்கள். காது ஜவ்வு கிழிந்தாலும் இதே வழக்கம்தான்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிட வேண்டும். வலது அடிவயிற்றில் கடுமையாக வலித்துக்கொண்டிருந்து, திடீரென்று வலி குறைந்தால் 'சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே படுத்துவிடாதீர்கள். உப்பிப்போன குடல்வால் வெடித்த உடனே அழுத்தம் இறங்கி வலி சற்றுத் தணியலாம். அப்புறம் சீழ் வயிற்றுக்குள் பரவி, வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் வரும். கிராமத்திலிருந்து தாமதமாக வருகிறவர்களிடம் கேட்டால், 'நேற்று ராத்திரி வலி விட்டுடுச்சும்மா' என்பார்கள். வலி விட்டாலும் வந்துவிடுங்கள்.

பனிக்குடம் உடைவதற்கு பர்ஸ்ட் வராது டீச்சர். 'ஹெர் வாட்டர் புரோக்' என்பார்கள். அதுவும் உள்ளே அடைபட்ட தண்ணீர்தான், திடீரென்றுதான் வருகிறது, ஆனாலும் வழக்கு அப்படி விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் விதியில் அடைக்க முடியாது.

அப்புறம் உங்கள் விதிக்கு ஒரு சோதனை கொண்டு வருகிறேன். முதுகெலும்பில் 'பர்ஸ்ட் ஃப்ராக்சர்' என்று ஒன்று உண்டு. மாசி, பங்குனியில் புளி உலுக்க மரம் ஏறுகிறவர்கள் விழுந்து வருவார்கள். உயரத்திலிருந்து உட்கார்ந்த நிலையிலோ, காலை ஊன்றியோ விழும்போது, உடம்பின் மொத்த பாரமும் ஒரு எலும்பின் மேலேயும் கீழேயும் நசுக்கும். அந்த எலும்பு நாலா பக்கமும் சிதறும். பின்பக்கமாகச் சிதறிய துண்டு தண்டுவடத்தை அழுத்தினால் கால் விளங்காமல் போகலாம். இங்கே உள்ளே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது. பின் ஏன் பர்ஸ்ட்?

(மரத்திலிருந்து விழுந்தவரைத் தோளிலும் பைக்கிலும் தூக்கி வராதீர்கள். அசைக்காமல் அப்படியே படுக்க விட்டு, 108-ஐ அழையுங்கள்.)

மாலைவகுப்பு (பாலக்கோடு)

செவிலியர் அக்கா, நல்ல கேள்வி. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, உடைந்தது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. உள்ளிருந்து வெளியே, எல்லாப் பக்கமும், ஒரே நொடியில். எலும்பு உள்பக்கமாக நொறுங்கினால் அது 'கிரஷ்'. வெளிப்பக்கமாகச் சிதறியதால் பர்ஸ்ட். சார் என்ன சொல்கிறீர்கள்?

அரூர்_இலக்கணம்

அதுவே சரி. உட்பக்கம் ஒடுங்கினால் 'கொலாப்ஸ்', 'கிரஷ்'. வெளிப்பக்கம் போனால் பர்ஸ்ட். பிள்ளைகள் அம்புக்குறி போட்டுப் பார்த்தாலே புரிந்துவிடும்.

தங்கவயல்_பேரன் (வேப்பனப்பள்ளி)

அந்த எலும்பு மாதிரியே பாறையும் செய்யும் டீச்சர். என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நம் பக்கத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய் நிலத்துக்கு அடியில் உழைத்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் மலையின் பாரம் முழுக்கப் பாறைக்குள் இறுகிக் கிடக்கும். சுரங்கம் தோண்டுகிறோம் என்றால், அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பாறையை எடுத்துவிடுகிறோம். அந்தச் சுமை பக்கத்துப் பாறைக்கு மாறும். தாங்குகிறவரை தாங்கும். தாங்காத நொடியில் சுவர் கற்கள் குண்டு பாய்வதுபோல் சுரங்கத்துக்குள் தெறிக்கும். அதுதான் 'ராக் பர்ஸ்ட்'. மருந்து வைத்து வெடித்ததல்ல. பாறை தானாக வெடித்தது. மேலே ஊரில் வீட்டுப் பாத்திரம் ஆடும், நிலநடுக்கம் போலவே இருக்கும். அந்த அதிர்வு வந்தாலே பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள் என்று பாட்டி சொல்லும். எந்த ஷிஃப்டில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

பாறை வெடிக்கும் முன்பு உள்ளே சின்னச் சின்னதாகச் சத்தம் கொடுக்கும். அதைக் கருவி வைத்துக் கேட்டு, எங்கே ஆபத்து என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. பாறை இயந்திரவியலுக்கான தேசிய நிறுவனம் 1988-ல் தங்கவயலில்தான் தொடங்கியது. சுரங்கத்தை 2001 பிப்ரவரி கடைசியில் மூடிவிட்டார்கள்.

நம் கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் இந்தப் பேச்சே வராது. அது திறந்தவெளி, ஆழம் குறைவு. பெரிய கல்லாக எடுக்க வேண்டும் என்பதால் கனமாக மருந்தும் வைக்கமாட்டார்கள், கல்லில் விரிசல் ஓடினால் விலை போகாது. துளை போட்டு, வைரக் கம்பியில் அறுத்து எடுப்பார்கள்.

செவிலியர்_தருமபுரி

தம்பி, பாட்டி சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர்.

அட்டைப்பெட்டி (ஓசூர்)

எங்கள் தொழிலில் பர்ஸ்ட் ஒரு எண். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. ரோஜாவும் மாம்பழக் கூழும் வெளியூர் போகிற பெட்டிகள். பேப்பர் வாங்கும்போதே '18 பிஎஃப்', '20 பிஎஃப்' என்று கேட்டுத்தான் வாங்குவோம். பிஎஃப் என்றால் 'பர்ஸ்டிங் ஃபேக்டர்'.

ஒரு துண்டுப் பேப்பரை வட்டமான இரண்டு வளையத்துக்கு நடுவே இறுக்கிவைத்து, அடியிலிருந்து ஒரு ரப்பர் ஜவ்வை மெல்ல உப்பவைப்போம். பேப்பர் பூரி மாதிரி மேலே எழும்பி, ஒரு கட்டத்தில் 'டப்' என்று கிழியும். அந்த நொடியில் முள் நிற்கிற இடம்தான் கணக்கு. 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை 120 கிராம்), 18 பிஎஃப் பேப்பர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.16 கிலோ தாங்க வேண்டும். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வந்துவிடும், பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம். ஐடிஐ முடித்து ஓசூர் வருகிற பிள்ளைகளுக்கு இந்தச் சொல் முதல் நாளே தேவைப்படும்.

வானம்_பார்ப்பவன் (கிருஷ்ணகிரி)

கல்லூரி மாணவன். 'காமா ரே பர்ஸ்ட்' விட்டுப்போயிற்று. வானத்தில் ஏதோ ஒரு மூலையிலிருந்து சில நொடிகள், சில நிமிடங்கள் மட்டும் காமா கதிர் பாய்ந்து வந்து அடங்கிவிடும். அணுகுண்டுச் சோதனையைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967-ல் தற்செயலாக இதைப் பிடித்தன. 1973-ல்தான் வெளியே சொன்னார்கள். 2015-ல் நாம் அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் இதுபோல நூற்றுக்கணக்கில் பதிவு செய்திருக்கிறது.

இங்கே பர்ஸ்ட் என்பது வெடித்த பொருளைக் குறிக்கவில்லை. கொஞ்ச நேரம் குபுக்கென்று வந்து நின்றுவிடுவதைக் குறிக்கிறது. போன் கேமராவில் 'பர்ஸ்ட் மோட்' வைத்தால் படபடவென்று வரிசையாகப் படம் எடுக்குமே, அதுவும் இதே கணக்கு. 'எ பர்ஸ்ட் ஆஃப் ஸ்பீட்' என்றால் ஒரே மூச்சில் எடுத்த ஓட்டம். எருது விடும் விழாவில் வாடியைத் தாண்டியதும் காளை எடுக்கிற ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. கூட்டம் எழுப்புகிற சத்தத்துக்கு 'எ பர்ஸ்ட் ஆஃப் சியர்ஸ்'.

மாலைவகுப்பு (பாலக்கோடு)

அருமை தம்பி. இப்போது மனசு சம்பந்தப்பட்டதுக்கு வருவோம். நான் கேட்டதே அங்கிருந்துதான். சார், கண்ணீருக்கும் சிரிப்புக்கும் நீங்களே சொல்லுங்கள்.

அரூர்_இலக்கணம்

டயரையும் கரையையும் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. ஒரு பெண் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டே வருகிறாள். வாசலில் அம்மா 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்டதும் உடைந்து அழுகிறாள். அந்தக் கேள்வியோடு அடக்கியது விட்டுப்போனது. 'ஷி பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' அதுதான். சும்மா அழுதால் 'ஷி க்ரைட்' போதும். அடக்கி வைத்திருந்தது தாங்கவில்லை என்ற செய்தி பர்ஸ்டில் இருக்கிறது.

தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை வைத்திருக்கிறோம். அழுகை என்றால் உடைந்து அழுதாள், ஓவென்று அழுதாள். சிரிப்பு என்றால் குபீரென்று சிரித்தான். தீ என்றால் குப்பென்று பற்றியது. மாமரம் என்றால் பூத்துக் குலுங்கியது. கைதட்டல் என்றால் அரங்கம் அதிர்ந்தது. ஆங்கிலக்காரர்கள் இத்தனைக்கும் 'பர்ஸ்ட் இன்டு' போட்டு, பின்னால் பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றுகிறார்கள். ஆகவே பிள்ளைகள் தமிழில் எழுதும்போது 'வெடி' என்ற சொல்லைத் தேடவே வேண்டாம். அந்தக் காட்சிக்கு வீட்டில் அம்மா என்ன சொல்வார் என்று யோசித்தால் சரியான வினை தானே வந்துவிடும்.

'பர்ஸ்ட் வித் ப்ரைட்' என்றால் பெருமை தாங்கவில்லை. 'பர்ஸ்டிங் அட் த சீம்ஸ்' என்றால் தையல் பிரிகிற அளவுக்கு நிறைந்தது, பள்ளி விடுகிற நேரத்துப் பென்னாகரம் டவுன் பஸ் மாதிரி. 'ஐயாம் பர்ஸ்டிங் டு டெல் யூ' என்றால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதவைத் தட்டாமல் தடதடவென்று உள்ளே வந்தால் 'பர்ஸ்ட் இன்டு த ரூம்'. இதில் மட்டும் திசை உள்பக்கம். வெளியே நிற்கிறவரின் வேகத்தைக் கதவு தாங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

குரூப்4_படிக்கிறேன்

சார், இரண்டு சந்தேகம். 'பர்ஸ்ட் இன்டு லாஃபிங்' தப்பா? அப்புறம் 'பஸ்ட்' என்று ஒரு சொல் வருகிறதே, இதுவும் அதுவும் ஒன்றா?

அரூர்_இலக்கணம்

தப்புதான் தம்பி. 'இன்டு' வந்தால் பின்னால் பெயர்ச்சொல்: பர்ஸ்ட் இன்டு லாஃப்டர், இன்டு டியர்ஸ், இன்டு ஃப்ளேம்ஸ், இன்டு சாங். 'அவுட்' வந்தால் பின்னால் 'இங்' வடிவம்: பர்ஸ்ட் அவுட் லாஃபிங், பர்ஸ்ட் அவுட் க்ரையிங். இரண்டையும் கலந்து கொடுத்துத்தான் பிழை கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

பஸ்ட் என்பது அமெரிக்கப் பேச்சில் பர்ஸ்டின் 'ர்' தேய்ந்து வந்தது. 'கோ பஸ்ட்' என்றால் திவாலாவது. தலைவர்களுக்கு வைக்கிற மார்பளவுச் சிலைக்கும் பஸ்ட் என்றுதான் பெயர், ஆனால் அது இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். இதோடு உறவில்லை.

குரூப்4_படிக்கிறேன்

நன்றி சார். 'அவுட்பர்ஸ்ட்' பெயர்ச்சொல்லா, வினையா?

அரூர்_இலக்கணம்

பெயர்ச்சொல். கோபத்தில் கொட்டித் தீர்ப்பது. வினையாக வேண்டுமென்றால் இரண்டு சொல்லாகப் பிரித்து 'பர்ஸ்ட் அவுட்' என்று எழுதுங்கள்.

மாலைவகுப்பு (பாலக்கோடு)

வருகிற சனிக்கிழமை வகுப்பில் இதையே நடத்துகிறேன். டயர் கடை அண்ணா, வெடித்த டயரிலிருந்து பக்கச் சுவர் ஒரு துண்டு அறுத்து வைத்திருங்கள், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன். ஓசூர் அண்ணா, கிழித்துப் பார்த்த பேப்பர் வட்டம் நாலைந்து கிடைத்தால் கூரியரில் அனுப்ப முடியுமா? செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

அட்டைப்பெட்டி (ஓசூர்)

செலவெல்லாம் வேண்டாம் மேடம். 16, 18, 20 பிஎஃப் மூன்றிலும் எண்ணை எழுதி அனுப்புகிறேன்.

தொப்பூர்_டயர் (தருமபுரி)

உள் தேய்மானம் நல்லாத் தெரிகிற துண்டாக எடுத்து வைக்கிறேன் டீச்சர். கம்பி நீட்டியிருக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்பு ஓரத்தைத் துணியால் சுற்றிவிடுங்கள்.